அல்ப்ஹோர்ன் ஊதக் கற்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சுவிற்சர்லாந்தின் மலைச்சரிவில் நின்று ஒருவர் ஊத, மறுமுனை தரையில் ஊன்றி நிற்கும் அல்ப்ஹோர்ன் என்ற நெடிய மரக்கொம்பைப் படங்களில் பார்த்தவர்கள் பலர். இங்கே வாழும் தமிழர்களிலும் அதை நேரில் கேட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்; ஆனால் எடுத்து ஊதிப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. "காற்றுக் கருவி எதுவும் பழகாத நமக்கு இது வருமா?" என்ற தயக்கமே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். நாற்பது வயதைக் கடந்த பின்னர், எந்த ஊதுகருவியும் அறியாமல் இதைத் தொடங்கியவன் என்ற முறையில், தொடக்க மாதங்களில் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கருவியின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். அல்ப்ஹோர்னில் விரல் வைத்து மூடும் துளைகள் இல்லை, அழுத்தும் விசைகள் இல்லை, நாகசுரத்தில் இருப்பது போன்ற சீவாளியும் இல்லை. சீவாளியின் வேலையை ஊதுபவரின் உதடுகளே செய்கின்றன. சங்கும் கொம்பும் எக்காளமும் ஒலிப்பது எப்படியோ அப்படித்தான் இதுவும் ஒலிக்கிறது. உதடுகள் அதிரும்போது குழலுக்குள் இருக்கும் காற்றுத்தூண் தனக்கு இயல்பான சில அதிர்வெண்களில் மட்டுமே ஒத்திசைந்து முழங்கும். அந்த அதிர்வெண்கள் அடிப்படைச் சுரத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று முழு எண் மடங்குகளாகவே அமையும். ஆகவே இக்கருவியில் நீங்கள் எந்தச் சுரத்தையும் புதிதாக உண்டாக்குவதில்லை. குழலுக்குள் ஏற்கெனவே காத்திருக்கும் சுரங்களில் ஒன்றை உதட்டாலும் மூச்சாலும் தேர்ந்தெடுக்கிறீர்கள். இந்த ஒரு செய்தி மனத்தில் ஊறிவிட்டால், கீழே வரும் ஒவ்வொரு பயிற்சியும் எதற்காக என்பது தானே விளங்கும்.

இந்தச் சுரங்களை, அடிப்படைச் சுரத்தின் எத்தனையாவது மடங்கு என்ற எண்ணாலேயே இங்குள்ள கலைஞர்கள் அழைக்கிறார்கள். நம்முடைய வழக்கில் சொன்னால் 2, 4, 8, 16 ஆகியவை வெவ்வேறு ஸ்தாயிகளில் வரும் ஷட்ஜம். 3, 6, 12 ஆகியவை பஞ்சமம். 5, 10 ஆகியவை அந்தர காந்தாரம். 9 சதுஸ்ருதி ரிஷபம். 15 காகலி நிஷாதம். எஞ்சியிருக்கும் 7, 11, 13, 14 ஆகியவை நாம் பழகிய ஸ்வரஸ்தானங்களுக்குள் சரியாக அடங்காதவை. அவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கருவியைத் தெரிவு செய்தல்

தொடக்கத்திலேயே வாங்காதீர்கள். கைத்திறனோடு செய்யப்பட்ட புதிய மரக்கருவியின் விலை சில ஆயிரம் பிராங்க் ஆகும். கருவி செய்பவர்களும் பயிற்றுநர்களும் மாத வாடகைக்குக் கருவி தருவதுண்டு. ஆறு மாதமாவது வாடகைக் கருவியில் பழகிய பின்னரே, எந்தக் கருவியின் ஒலி உங்கள் காதுக்கு உகந்தது என்று சொல்லும் நிலைக்கு நீங்கள் வருவீர்கள்.

வாடகைக்கு எடுப்பதானாலும் சுருதியைக் கேட்டு எடுக்க வேண்டும். சுவிற்சர்லாந்தில் பெரும்பாலானோர் ஊதுவது நாலரைக் கட்டைச் சுருதியில் (மேலைநாட்டு முறையில் F#) அமைந்த கருவி. அதன் நீளம் ஏறத்தாழ 3.4 மீற்றர். ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் நாலு கட்டைக் (F) கருவி பரவலாக இருக்கிறது. அது இன்னும் சற்று நீண்டு 3.6 மீற்றரைத் தாண்டும். குழல் நீள நீளச் சுருதி இறங்கும் என்பதே இதன் கணக்கு. ஊதும்போது நீளத்தை மாற்ற வழியில்லாததால், வேறு சுருதிக் கருவியோடு நீங்கள் ஒரு குழுவில் சேர்ந்து ஊத முடியாது. எந்த ஊரில், யாரோடு ஊதப் போகிறீர்கள் என்பதை வைத்தே சுருதியைத் தீர்மானியுங்கள்.

மரம் பெரும்பாலும் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரமாக இருக்கும். செங்குத்தான சரிவில் முளைக்கும் இம்மரம், பனியின் பாரத்தால் அடியில் வளைந்து, பின்னர் ஒளியை நோக்கி நிமிர்ந்து வளரும். அந்த இயற்கை வளைவே கொம்பின் கீழ்முனை வளைவாக அமைந்தது. மரத்தை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியையும் உட்குடைந்து, மீண்டும் ஒட்டி, பிரம்பால் இறுக்கிச் சுற்றுவதுதான் பழைய முறை. இன்று பலர் துண்டுகளை ஒட்டி வளைவை அமைக்கிறார்கள். குடைவதற்கு இயந்திரத்தையும் பயன்படுத்துகிறார்கள். காபன் இழையில் செய்யப்பட்டு, ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கும் இலகுவான கருவிகளும் உண்டு. பேருந்திலும் தொடருந்திலும் பயணம் செய்வோருக்கு அவை வசதியானவை. இருந்தாலும் முதல் ஆண்டில் மரக்கருவியே நல்லது என்பது என் கருத்து. உதட்டின் சிறு தளர்வையும் இறுக்கத்தையும் மரத்தின் அதிர்வு கைகளுக்குத் திருப்பிச் சொல்கிறது. அதையே ஓர் ஆசிரியராகக் கொள்ளலாம்.

ஊதுவாய் தனித்துண்டாக, கடினமான மரத்தில் கடைந்து செய்யப்படும். அதன் உள்விளிம்பின் விட்டம் பெரும்பாலும் 17 அல்லது 18 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். ஒரே ஓர் ஊதுவாயோடு சில மாதங்கள் பழகுங்கள். மேல்சுரம் வராதபோதெல்லாம் ஊதுவாயை மாற்றிப் பார்க்கும் பழக்கம் உதட்டை நிலைகொள்ள விடாது.

கருவியைப் பொருத்துதல்

இன்றைய கருவிகள் பெரும்பாலும் மூன்று பகுதிகளாகக் கழலும். ஊதுவாய் செருகும் மெல்லிய கைக்குழல், நடுக்குழல், வளைந்து விரியும் கீழ்க்குழல் என்பவை அவை. கீழ்க்குழலின் விரிந்த முனையை, நாகசுரத்தின் பகுதிக்கு வழங்கும் பெயரைக் கடன் வாங்கி, அணசு என்றே இங்கே குறிப்பிடுகிறேன். அணசின் அடியில் கருவியைத் தாங்கும் சிறிய மரக்கால் இருக்கும். பொருத்தும்போது முதலில் கீழ்க்குழலைத் தரையில் நிலையாக வைத்து, அதில் நடுக்குழலையும், பின்னர் கைக்குழலையும் மெதுவாகத் திருகிச் செருக வேண்டும். இணைப்பு வளையங்கள் உலோகமானவை. அவற்றை வலிந்து அழுத்தினால் குளிர் நாளில் இறுகிப்போய்க் கழற்ற முடியாமல் ஆகும். முதல் மாதத்தில் நான் அப்படி இறுக்கிவிட்டு, கருவியைக் கழற்றாமலே வீட்டுக்கு நடந்து வந்திருக்கிறேன். காற்று கசியாத அளவுக்கு மட்டும் செருகினால் போதும். பொருத்திய கருவியை ஒரு முனையில் மட்டும் பிடித்துத் தூக்காதீர்கள். நடுவிலும் மேலும் இரு கைகளால் தாங்கியே எடுக்க வேண்டும்.

முதல் வாரம்: குழல் இல்லாமல்

முதல் வாரம் முழுவதும் குழலைத் தொடாமல் உதடுகளை மட்டும் பழக்குங்கள் என்று சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் இந்த வாரத்தைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் மூன்றாம் மாதத்தில் உதட்டுவலியோடு நின்றுவிடுகிறார்கள்.

"ம்" என்று சொல்லி உதடுகளை மெதுவாக மூடுங்கள். உதட்டின் இரு ஓரங்களும் சற்று உறுதியாக இருக்கட்டும். நடுப்பகுதி தளர்வாக இருக்கட்டும். கன்னங்களை உப்ப விடாமல், வயிற்றின் அடியிலிருந்து மூச்சைச் செலுத்தி, நடுவில் மட்டும் காற்று வெளியேறுமாறு ஊதுங்கள். வண்டு ரீங்கரிப்பது போன்ற ஓர் ஒலி எழும். குழந்தைகள் வண்டி ஓட்டுவதுபோல உதட்டை முழுவதும் படபடக்க விடுவது இதிலிருந்து வேறானது. அது உதட்டைத் தளர்த்த உதவும், ஆனால் சுரம் தராது.

ரீங்காரம் நிலையாக வந்ததும் ஊதுவாயை எடுத்து, அதன் தண்டை இரண்டு விரல்களால் மட்டும் பிடித்து அதே ஒலியை எழுப்புங்கள். இரண்டு விரல் பிடிக்குக் காரணம் உண்டு: அந்தப் பிடியில் ஊதுவாயை உதட்டோடு வலுவாக அழுத்த முடியாது. பின்னர் ஒலியை மேலேயும் கீழேயும் இடைவெளியின்றி வழுக்கிக் கொண்டுபோய் வாருங்கள். ஐந்து நிமிடம் ஊதினால் ஐந்து நிமிடம் ஓய்வு கொடுங்கள். உதட்டில் சிவந்த வளையம் நெடுநேரம் மறையாமல் இருந்தால் அழுத்துகிறீர்கள் என்று பொருள்.

முதல் சுரமும் அடுத்த மூன்றும்

குழலின் முன் நின்று, ஒரு பாதத்தைச் சற்றே முன்வைத்து, முதுகை நிமிர்த்தி, தோள்களைத் தளரவிட்டுக் கருவியை இரு கைகளாலும் பிடியுங்கள். ஊதுவாய் உங்கள் உதட்டைத் தேடி வர வேண்டும். நீங்கள் கழுத்தை நீட்டி அதைத் தேடிப் போகக் கூடாது. ஒருமுறை மூச்சை முழுவதும் வெளிவிட்டு, பின்னர் அமைதியாக உள்ளிழுத்து, "து" என்று நாவால் தொடங்கி ஊதுங்கள்.

பெரும்பாலானோருக்கு முதலில் வருவது 3-ஆம் சுரம் அல்லது 4-ஆம் சுரம். எது வந்தது என்று அறிய, கைப்பேசியில் தம்புராச் செயலியைத் திறந்து, நாலரைக் கட்டையில் வைத்துக் கேளுங்கள். உங்கள் ஒலி ஆதார ஷட்ஜத்தோடு கலந்தால் அது 4. பஞ்சமமாக நின்றால் அது 3. இங்குள்ள மாணவர்களுக்குப் பியானோவை வைத்துச் சொல்லிக்கொடுப்பதைக் கண்டிருக்கிறேன். தம்புராவே இதற்குப் பொருத்தமானது என்று உறுதியாகச் சொல்வேன். ஏனென்றால், நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவின் தந்தியில் தானாக எழும் அந்தர காந்தாரமும் இந்தக் குழலின் 5-ஆம் சுரமும் ஒரே விதியில் பிறந்தவை. தந்தியும் காற்றுத்தூணும் தம்மை ஐந்து சமபங்குகளாகப் பிரித்து அதிர்வதால் வருபவை. பியானோவின் காந்தாரம் அதைவிடச் சற்று உயரமானது. அதற்குப் பழகிய காது குழலின் காந்தாரத்தைக் குறைவானது என்று தவறாக எடைபோடும்.

முதல் மாதத்தில் 3, 4, 5, 6 ஆகிய நான்கு சுரங்கள் போதும். ஒவ்வொன்றையும் முதலில் வாயால் பாடுங்கள், பிறகு மனத்துக்குள் கேளுங்கள், அதன் பிறகே ஊதுங்கள். மேல்சுரத்துக்கு ஏறும்போது மூச்சின் வேகம் கூட வேண்டும், நாக்கின் நடுப்பகுதி "ஆ"விலிருந்து "ஈ"க்குப் போவதுபோல உயர வேண்டும், உதட்டின் நடுத் திறப்பு சிறிதாக வேண்டும். ஊதுவாயை உதட்டில் அழுத்தினாலும் சுரம் ஏறும். ஆனால் அந்த வழியில் ஏறியவர் பத்து நிமிடத்தில் உதடு மரத்து இறங்கிவிடுவார். நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்குப் பத்து நிமிடம் என்பது நல்ல அளவு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணிநேரம் ஊதுவதால் பயன் இல்லை.

இரண்டாம் மாதத்தில் 8-ஆம் சுரத்தைத் தேடும்போது எல்லோருக்கும் ஒரே இடர் வரும். 6-இலிருந்து 8-க்குத் தாவ முயன்றால், நடுவில் இருக்கும் 7-இல் போய் விழுவோம். இந்த 7, கைசிகி நிஷாதத்துக்கும் சற்றுத் தாழ்ந்து நிற்பது. காதுக்கு உடனே தனித்துத் தெரியும். பலத்தைக் கூட்டுவது இதற்கு வழியாகாது. 4-ஐ நீளமாக ஊதி நிறுத்தி, அதன் மேல் ஷட்ஜத்தை வாயால் பாடி, அந்த நினைவு கலையும் முன் 8-ஐ ஊதுங்கள். காது முன்னே சென்றால் உதடு பின்னே வரும்.

பதினொன்றாம் சுரம்

8-க்கு மேலே சுரங்கள் நெருங்கி அமைவதால், அங்கேதான் மெட்டுகள் பிறக்கின்றன. 8, 9, 10 என்று ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம் வந்த பிறகு மத்யமத்தை எதிர்பார்க்கும் காதுக்கு 11-இல் ஒரு புதுமை காத்திருக்கிறது. இந்தச் சுரம் சுத்த மத்யமமும் அன்று, பிரதி மத்யமமும் அன்று; இரண்டுக்கும் ஏறத்தாழ நட்டநடுவில் நிற்கிறது. சங்கராபரணமா கல்யாணியா என்று நம் மனம் ஒருகணம் தடுமாறும். ஒரு ஸ்வரஸ்தானத்தின் இடைவெளியை 100 பங்காக வைத்து அளந்தால், இது ஷட்ஜத்திலிருந்து 551-ஆம் பங்கில் இருக்கிறது. பியானோவில் உள்ளது போன்ற சமநிலைச் சுருதியில் சுத்த மத்யமம் 500, பிரதி மத்யமம் 600. இங்குள்ளோர் இதை அல்ப்ஹோர்ன்-ஃபா என்று பெயரிட்டே அழைக்கிறார்கள்; ஃபா என்பது நம்முடைய மத்யமம்.

புதியவர்களிடம் நான் வற்புறுத்திக் கேட்பது ஒன்றுதான்: இந்தச் சுரத்தைத் திருத்த முயலாதீர்கள். உதட்டை இறுக்கியோ தளர்த்தியோ இதைப் பழகிய மத்யமத்தின் பக்கம் ஓரளவு சாய்க்க முடியும். அப்படிச் செய்தால் ஒலி மெலிந்து, கருவியின் முழக்கம் போய்விடும். மலையில் மாடு மேய்த்தவர்கள் இதைப் பிழை என்று கருதவில்லை; குழல் கொடுத்த சுரத்தைக் குரலிலும் ஏற்றார்கள். ஷ்வீஸ் மாநிலத்தின் முவோத்தாப் பள்ளத்தாக்கில், யூட்ஸ் எனப்படும் பழைய யோடல் (குரலைக் கீழும் மேலும் சட்டென்று மாற்றிப் பாடும் மலைப்பாட்டு) வகையில், எந்தக் கருவியும் உடன் ஒலிக்காதபோதும் மனிதர்கள் இந்த இடைச்சுரத்தைப் பாடுகிறார்கள். அதே பள்ளத்தாக்கில் பூஹல் என்று ஒரு கருவியும் உண்டு. அது அல்ப்ஹோர்னின் நெடுங்குழலை மடித்துச் சுருட்டியது போன்ற மர எக்காளம். விரைவான மெட்டுகளுக்கு உரியது. கமகங்களில் ஊறிய நம் காது இத்தகைய இடைச்சுரங்களுக்கு அந்நியமானதன்று. ஆகவே இந்த இடத்தில் தமிழ் மாணவர்கள் பிறரைவிட முன்னே நிற்கலாம்.

இதைப் பழக, 10, 11, 12 ஆகிய மூன்றையும் மெதுவாக, ஒரே மூச்சில், நாவைப் பயன்படுத்தாமல் ஏறி இறங்குங்கள். நான்கு அல்லது ஐந்து மாதத்துக்கு முன் இது கைகூடாவிட்டால் கவலைப்பட வேண்டியதில்லை. 13-க்கு மேலே உள்ளவற்றை முதல் ஆண்டில் தொடாமல் விடலாம்.

மெட்டும் மௌனமும்

இக்கருவிக்கான இசைக்குறிப்பில், கருவியின் சுருதி எதுவானாலும், சுரங்களை ஒரு கட்டையை (C) ஷட்ஜமாகக் கொண்டே எழுதுகிறார்கள். ச ரி க ம என்று எழுதி எந்தச் சுருதியிலும் பாடும் நமக்கு இது இயல்பாகவே புரியும். தொடக்கத்தில் தாளக்கட்டு இல்லாத, நீண்ட மூச்சுத் தொடர்களாலான மெட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தொடரின் முடிவிலும் ஒலி தானே அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததைத் தொடங்குவது இதன் இலக்கணத்தின் ஒரு பகுதி.

அந்தக் காத்திருப்பு எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால் ஊதும் முறையே மாறும். பால் கறக்கும் வேளையில் மாடுகளை அழைக்கவும் அமைதிப்படுத்தவும், அந்திநேரத்தில் வேண்டுதலாகவும், அடுத்த சரிவில் இருப்பவருக்குச் செய்தியாகவும் ஊதப்பட்ட கருவி இது. புனித ஊர்பான் மடத்தின் 1527-ஆம் ஆண்டுக் கணக்கேட்டில், வாலிஸ் பகுதியிலிருந்து அல்ப்ஹோர்னோடு வந்த ஒருவருக்கு இரண்டு காசு கொடுத்த குறிப்பு இருக்கிறது. 1555-இல் சூரிச் அறிஞர் கொன்ராட் கெஸ்னர், ஏறத்தாழ பதினொரு அடி நீளத்தில் இத்தகைய கொம்பு ஒன்றை விவரித்திருக்கிறார். ஆனால் 1805-இல் இன்டர்லாக்கனுக்கு அருகே ஊன்ஷ்பூனன் என்னும் மேய்ப்பர் விழா நடந்தபோது, ஊதுவதற்கு இருவர் மட்டுமே முன்வந்தனர் என்னும் அளவுக்குக் கலை நலிந்திருந்தது. அதற்குப் பிறகு 1820-களில், பேர்ண் ஆட்சித் தலைவர் நிக்கலாவுஸ் ஃபொன் மூலினன் கருவிகளைச் செய்வித்தார். இசையமைப்பாளர் ஃபெர்டினான்ட் ஹூபர் கிரிண்டெல்வால்டில் இளைஞர்களுக்கு அவற்றைக் கற்பித்தார். இன்று நாம் கற்பது, அவ்வாறு மீண்டும் கற்பிக்கப்பட்டதால் பிழைத்த கலை. கார்பாத்திய மலைகளின் ஹுட்சுல் மக்கள் இறப்பை அறிவிக்க ஊதும் திரெம்பித்தாவும், ருமேனியாவின் புச்சியும் என்னும் கொம்பும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. உதட்டுப் பயிற்சி அவற்றுக்கும் பொருந்தும்.

எங்கே, யாரோடு ஊதுவது

அடுக்குமாடி வீட்டில் இதை ஊதுவது அயலாருக்குத் துன்பம். மதிய, இரவு அமைதி நேரங்கள் குறித்து வீட்டு ஒழுங்கு விதிகளிலும் எழுதியிருக்கும். வீட்டில் ஊதுவாய்ப் பயிற்சியை மட்டும் செய்துவிட்டு, குழலை வெளியே கொண்டுபோங்கள். எதிரே பாறைச்சுவரோ அடர்ந்த காடோ உள்ள திறந்த வெளி சிறந்தது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வதால், அந்தத் தொலைவில் உள்ள பாறையிலிருந்து எதிரொலி இரண்டு நொடியில் திரும்பும். உங்கள் பிழைகளை அது அப்படியே சொல்லிக்காட்டும். மாடுகள் ஒலியைக் கேட்டு நெருங்கி வருவது வழக்கம். கன்றுகளோடு தாய்ப்பசுக்கள் மேயும் வேலிக்குள் மட்டும் ஒருபோதும் நின்று ஊதாதீர்கள், கன்றைக் காக்கும் பசு மனிதரைத் தாக்கக்கூடும்.

தனியே ஆறு மாதம் பழகியவர், ஒரு குழுவைத் தேடிச் சேர வேண்டும். 1910-இல் தொடங்கப்பட்ட சுவிஸ் யோடல் சங்கத்தில் யோடல் பாடுவோரோடும் கொடி வீசுவோரோடும் அல்ப்ஹோர்ன் கலைஞர்களும் அடங்குவர். அதன் வட்டாரக் கிளைகள் வழியாகப் பயிற்சி வகுப்புகளை விசாரிக்கலாம். குழுவில் புதியவருக்குக் கீழ்க்குரலே கிடைக்கும். 2, 3, 4 ஆகிய சுரங்களை அசையாமல் நிறுத்துவதே அவரது பணி. அதைச் சிறிய பணியாக எண்ணாதீர்கள். மேலே மெட்டு ஊதுவோர் அனைவரும் அந்தச் சுருதியின் மீதே நிற்கிறார்கள்.

ஊதி முடித்த பின்

குழலுக்குள் மூச்சின் ஈரம் நீராகத் தேங்கியிருக்கும். கருவியைக் கழற்றி, ஒவ்வொரு பகுதியையும் சரித்து நீரை வடியவிட்டு, இணைப்பு வளையங்களையும் ஊதுவாயையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். வெயிலில் நிற்கும் காரிலோ வெப்பமூட்டியின் அருகிலோ வைத்தால் ஒட்டிய பொருத்தில் மரம் வெடிக்கும். கடுங்குளிரில் வெளியே எடுத்துச் சென்றால், ஊதுவதற்கு முன் சில நிமிடங்கள் சுரம் எழுப்பாமல் சூடான மூச்சை மட்டும் மெதுவாகச் செலுத்துங்கள். உள்ளே எண்ணெய் பூசலாமா என்பது கருவிக்குக் கருவி மாறும். செய்தவரைக் கேட்டே செய்ய வேண்டும். வீடு திரும்பியதும் பகுதிகளைப் பைக்குள் மூடி வைக்காமல், இரவு முழுவதும் காற்றோட்டமான சுவரோரம் நிறுத்தி, மறுநாள் காலையில் உட்புறம் உலர்ந்துவிட்டதைப் பார்த்த பிறகே பையில் இடுங்கள்.